முறைக்கு நான்கு பேனா

மருத்துவர் சொன்னதை வீட்டுக்கு வந்து ஒப்பித்தது மாமியார்தான். இடுப்புப் பையைக்கூடக் கழற்றவில்லை, நின்றவாக்கிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ரெண்டு வாரத்துக்கு வாயே தொறக்கக் கூடாதாம்டா. பேசக் கூடாது, கத்தக் கூடாது, தொண்டையக் கனைக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறது இருக்கு பாரு, அது அதைவிட மோசமாம். சத்தமாச் சிரிக்கக்கூடக் கூடாதாம்."

"சிரிக்க வைக்கற மாதிரி இங்க யாரும்மா இருக்கா?" என்றான் மகன்.

"ஏன், கண்ணாடிய நீ பார்த்ததே இல்லையா?"

இருவருக்கும் நடுவில் சோபாவில் உட்கார்ந்திருந்த மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிகிச்சை முடிந்து வந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே சோதனை.

அவளுடைய குரல்நாணில் அரிசிமணி அளவுக்கு ஒரு கட்டி வளர்ந்திருந்தது. பயப்படும்படியானது இல்லை, எடுத்தாகிவிட்டது. ஆனால் புண் பச்சையாக இருக்கிறது. "என் கைவேலை பாதிதான், மிச்சப் பாதி உங்க வாய்ல இருக்கு" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆறுவதற்குள் ஒருமுறை கத்தினாலும் போதும், அந்த இடம் தழும்பாகிவிடும், பிறகு காலம் முழுக்கக் கரகரத்த குரல்தான்.

மற்றவர்களுக்குக் கரகரத்த குரலோடு காலம் தள்ளலாம். அவளுக்கு முடியாது. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். இரண்டாவது நடைமேடைக்கு மேலே கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யார் குடையை மறந்துவிட்டுப் போனார்கள், எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது என்று அங்கே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு இந்த வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. நான்கு பேர் நடுவில் நிற்க வைத்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்த முகமும் பக்கத்தில் இல்லாத அந்த அறையில் அவள் ஊருக்கே பேசுவாள். ஓட்டுநர்கள் அவளுக்குக் 'கூண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "கூண்டு சொல்லிடுச்சு, எடு வண்டிய" என்பார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அந்த அறையில் ஓர் இயந்திரம் பேசுகிறது. பதிவு செய்த குரல். நிலைய மேலாளர் மருத்துவமனைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்போது, "நல்லபடியா வாங்கம்மா. குரல் பழையபடி வந்துட்டா இடம் உங்களுதுதான்" என்றார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த 'வந்துட்டா' அவள் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

வீட்டில் பேச வேண்டியதை எழுதிக் காட்டுவது என்று முடிவானது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. காலாவதியான பேருந்து நேர அட்டவணைகள் கட்டுக்கட்டாக இருந்தன, பின்பக்கம் வெள்ளை. பேனாவுக்கும் பஞ்சமில்லை. சொல்லப்போனால் பேனா ஒன்றுதான் அந்த வீட்டில் அளவுக்கு மீறி இருந்தது.

அவளிடம் இருபத்தாறு மைப்பேனாக்கள் இருந்தன. பழைய சாமான் கடைகளிலும், மூடப்போகும் எழுதுபொருள் கடைகளின் தூசுபிடித்த அலமாரிகளிலும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. பெரிய விலையுள்ளது எதுவும் இல்லை. துணி விரித்த மரப்பெட்டியில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பருத்தது தடியன். மெலிந்தது குச்சி. மூடியைத் திறந்தாலே ஒரு சொட்டு வடிப்பது அழுமூஞ்சி. தங்க வளையம் போட்டது சீமாட்டி. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்த, பளபளவென்று கறுத்த ஒன்று காக்கா. அவள் முதன்முதலில் வாங்கியது அதுதான்.

ஒரு நேரத்தில் நான்கு பேனாவில் மட்டுமே மை. அது அவள் வைத்திருந்த சட்டம். அதற்கு மேல் நிரப்பினால் எழுத ஆளில்லாமல் மை உள்ளேயே காய்ந்து, நிப்புக்கு அடியில் மையை இழுத்துவரும் கட்டையின் மெல்லிய பள்ளங்களை அடைத்துவிடும். ஆசைக்கு இருபத்தாறு பேனா, ஆனால் கை ஒன்றுதானே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்து நான்கையும் சமையலறைத் தொட்டிக்குக் கொண்டுபோவாள். மிச்ச மையைக் கொட்டுவாள். காது கழுவும் ரப்பர் பந்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி, நிறமில்லாமல் தண்ணீர் வரும்வரை கழுவுவாள். பிறகு துணி போட்ட டம்ளரில் நிப்பு கீழே இருக்கும்படி நிறுத்தி வைப்பாள். மாலையில் அவை பெட்டிக்குத் திரும்பும், வரிசையில் அடுத்த நான்கு வெளியே வரும்.

உண்மையைச் சொன்னால் எழுதுவதற்கு அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. வேலையில் எல்லாம் கணினி. வீட்டில் கடைச் சீட்டு எழுதுவாள், செய்தித்தாளில் பிடித்த வரி ஏதாவது இருந்தால் பார்த்து எழுதுவாள், அதுவும் இல்லாவிட்டால் தன் பெயரையே எழுதிப் பார்ப்பாள். வாரக் கடைசியில் பேனாவில் முக்கால் மை அப்படியே இருக்கும். அதைத்தான் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது பேச்சு முழுவதும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

முதல் சிக்கல் மாமியாரிடமிருந்து வந்தது. அவள் எழுதிக் காட்டினால், மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, காது கேளாதவரிடம் பேசுவதுபோல உரக்கப் பதில் சொன்னார்.

"பால்தானே கேட்ட? சூடா வேணுமா, ஆறினதா?"

அவள் எழுதினாள்: 'எனக்குக் காது நல்லாக் கேக்குது அத்தை.'

"தெரியும்," என்றார் மாமியார், அதே சத்தத்தில். "நீ பேசாம இருக்கறதப் பார்த்தா எனக்கு அப்படித்தான் வருது. என்ன பண்ணச் சொல்ற?"

அதற்கு முன்பும் அவள் பெரிதாகப் பேசியவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், "என் மருமக வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்க மாட்டா. கடிக்கலாமான்னு கேக்கறதுக்கே ஒரு நாள் யோசிப்பா" என்று மாமியார் உறவினர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. கேலிதான், குத்தல் இல்லை. பள்ளி விடுதி ஒன்றில் சமையலுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர் மாமியார். நூறு பிள்ளைகளின் இரைச்சலில் பழகிய காதுக்கு ஒரு மருமகளின் மௌனம் பழகவில்லை.

எழுத்தில் அவள் வேறு ஆளாக இருந்தாள். அது அவளுக்கே மெதுவாகத்தான் பிடிபட்டது. வாயால் 'ம்' என்று முடித்திருக்கக்கூடிய இடத்தில் பேனா நான்கு வரி போயிற்று. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எழுதியபோது கையில் அகப்பட்டது பச்சை மை போட்ட குச்சி. காரமாகத்தான் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் பச்சைக்கு ஒரு பொருள் வந்துவிட்டது.

"அம்மா, பச்சை வந்திருக்கு," என்பான் கணவன், கதவைத் திறந்ததும் மேசையைப் பார்த்துவிட்டு. அவன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். "நான் திரும்பவும் வேலைக்கே போயிடறேன். அங்க நடுவழில மாட்டிக்கிட்டவங்க என்னைப் பார்த்தா சந்தோஷமாவது படுவாங்க."

"ஈரத் துண்ட கட்டில்மேல போட்டா பச்சை வராம, மஞ்சளா வரும்? போய் எடு."

முதல் ஞாயிறன்று அவள் தொட்டியருகே நின்று வழக்கம்போலப் பேனாக்களைக் கழுவினாள். மாமியார் பாத்திரம் துடைத்துக்கொண்டே பார்த்தார். தடியனிலிருந்து ஊதா நூலாக இறங்கி, சுழன்று, துளைக்குள் போனது.

"ஏம்மா, அது நல்ல மைதானே?"

தலையாட்டினாள்.

"கெட்டுப்போகலையே?"

இல்லை என்று ஆட்டினாள்.

"அப்புறம் ஏன் கொட்டற? எழுதறதுக்குன்னு மை ஊத்தறியா, கழுவறதுக்குன்னு ஊத்தறியா?"

கை ஈரமாக இருந்ததால் பதில் எழுத முடியவில்லை. அடுத்த பேனாவைக் கழற்றினாள். மாமியார் 'ச்' கொட்டினார். விடுதியில் இருந்த காலத்தில் ஒரு கரண்டிச் சோற்றைக்கூட வீணாக்கியவர் இல்லை அவர். மதியத்து மிச்சம் எல்லாம் ஒரே பானையில் சேர்ந்து, கொதித்து, இரவுக்குப் புதுப் பெயரோடு வரும். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவார்கள்.

இரண்டாவது வாரத்தில் புதிதாக ஒன்று நடந்தது. சீமாட்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, கீறி, நின்றது. பழுதாகிவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. மை தீர்ந்திருந்தது. பேனா சேர்க்க ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் ஒரு பேனா அவள் கையில் எழுதித் தீர்ந்தது அதுதான் முதல்முறை. காலியான குழாயை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாமியாரும் எழுத ஆரம்பித்திருந்தார். கத்திக் கத்தி அவருக்கே அலுத்துவிட்டது. ஒரு பிற்பகல் அவள் எழுதிய கேள்விக்குக் கீழேயே அழுமூஞ்சியை எடுத்துப் பதில் எழுதினார். பெரிய பெரிய எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். 'இனிமேல் நானும் மௌனம். யார் முதலில் பேசுவது பார்ப்போம்.' கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பாலைப் பொங்கவிட்டுவிட்டு "அடடடா" என்று தோற்றுப்போனார். ஆனால் எழுதுவதை விடவில்லை. அந்த அட்டவணைத் தாள்களின் பின்னால் இருவரும் நாள் முழுக்கப் பேசினார்கள். விடுதியில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்த நாளைப் பற்றி. கணவன் பத்து வயதுவரை இருட்டுக்குப் பயந்ததைப் பற்றி. கண்ணாடி அறையில் உட்கார்ந்து பார்த்தால், வண்டியைத் தவறவிட்டவர்கள் ஓடி வந்து நின்றதும் எல்லோரும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைப்பார்கள் என்பதைப் பற்றி. இந்தக் கடைசி விஷயத்தை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

குரலைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஒரே ஒருமுறை எழுதினாள். 'வராமல் போனால்?'

மாமியார் அதை வாசித்தார். அழுமூஞ்சியை எடுத்தார், மூடினார், பிறகு வாயாலேயே சொன்னார். "வியாழக்கிழமை டாக்டர் பார்க்கட்டும். அதுவரைக்கும் உன் வாய்க்கு நான் காவல்."

அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிறு. இரவு தொண்டை வலித்துத் தூக்கம் பிடிக்காமல், விடியும்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். எழுந்தபோது வெயில் சுவரில் பாதி ஏறிவிட்டது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். மேசையைப் பார்த்தாள். பேனாக்கள் இல்லை. மரப்பெட்டி திறந்திருந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றாள்.

மாமியார் முதுகைக் காட்டி நின்றிருந்தார். டம்ளரில் துணி விரித்து, போன வாரத்து நான்கு பேனாவும் கழுவித் துடைத்து ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தன. அவ்வளவு சுத்தமாக அவள்கூடக் கழுவியிருக்க மாட்டாள். பக்கத்தில் காலியான மருந்துப் புட்டி ஒன்று. அதில் கால்வாசிக்கு ஏதோ ஒரு நிறம். ஊதா இல்லை, பச்சை இல்லை, பழுப்பும் இல்லை. அடியில் சேறுபோலப் படிந்திருந்தது.

ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமியார் மையைக் கொட்ட மனம் வராமல் நான்கு பேனாவின் மிச்சத்தையும், மைப் புட்டிகளின் அடியில் கிடந்ததையும் ஒரே புட்டியில் சேர்த்திருக்கிறார். பெட்டியிலிருந்து முறைப்படி அடுத்த நான்கை எடுத்து அதையே நிரப்பியிருக்கிறார். மிச்சங்களில் ஒன்று இரும்பு மை. எழுதும்போது நீலமாக இருந்து, காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும் அந்த மை எதனோடும் சேராது. வேறு மையோடு கலந்தால் திரிந்து கட்டியாகிவிடும். கட்டி நான்கு பேனாவையும் அடைத்திருக்கிறது. எழுதாத பேனாவை என்ன செய்வது என்று யோசித்து, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்த குழாய்க்குச் செய்வதையே மாமியார் செய்யப் போகிறார்.

வலது கையில் கொதிகெண்டி. மூக்கிலிருந்து ஆவி பறந்தது. இடது கை ஒரு டம்ளரைப் பிடித்திருந்தது. அதற்குள் தலைகீழாக நான்கு பேனாக்கள், நடுவில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு காக்கா.

எபோனைட்டில் கொதிநீர் படக் கூடாது.

கை தட்டினால் விசிறிச் சத்தத்தில் கேட்காது. தட்டைத் தூக்கிப் போட்டால் கேட்கும். கேட்டுத் தூக்கிவாரிப் போட்டால் கொதிநீர் மாமியாரின் இடது கையில் கொட்டும். ஓடிப்போய்த் தோளைத் தொட்டாலும் அதேதான். மெதுவாகக் கூப்பிடலாம், ஆனால் மெதுவான குரல் இந்தச் சத்தத்தைத் தாண்டாது. 'அத்தை' என்று ஒரு சொல், அவளுக்குத் தெரிந்த அறிவிப்புக் குரலில், தெளிவாக. அது போதும், நின்றுவிடுவார்.

நெஞ்சு அவளைக் கேட்காமலேயே காற்றை இழுத்துக்கொண்டது. தொண்டை தயாரானது. புண் இருந்த இடத்தில் ஒரு நூல் இறுகுவது தெரிந்தது.

அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் இறங்கியது. சூடான ரப்பரின் கந்தக வாடை சமையலறை முழுக்கப் பரவியது. மாமியார் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு, வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே நின்றார். மருமகளின் வாயைப் பொத்திய கையைப் பார்த்தார், நனைந்திருந்த கண்ணைப் பார்த்தார், திரும்பி டம்ளரைப் பார்த்தார். குழாயை மூடினார். விசிறியை அணைத்தார்.

"தப்பாப் பண்ணிட்டேனா?"

அவள் தலையாட்டினாள்.

"ஊத்தறதுக்கு முன்னாடியே வந்துட்டியா?"

அதற்கும் ஆட்டினாள்.

"பார்த்துக்கிட்டே நின்னியா?" மாமியாரின் குரல் அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தணிந்து வந்தது. "ஒரு குரல் குடுத்திருந்தா நிறுத்தியிருப்பேனே." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இல்ல. குடுக்காததுதான் சரி. குடுக்காததுதான் சரி."

அவள் காக்காவைத் துணியால் பிடித்து வெளியே எடுத்தாள். பளபளப்பு போயிருந்தது. கறுப்பு வெளுத்து, வெயிலில் கிடந்த செருப்பின் நிறத்துக்கு வந்திருந்தது.

கோபம் இல்லாமல் இல்லை. பச்சை மையை எடுத்திருப்பாள், ஆனால் குச்சி போன ஞாயிறே கழுவிக் காலியாகப் பெட்டிக்குப் போயிருந்தது. வீட்டில் எழுதக்கூடிய மைப்பேனா ஒன்றுகூட இல்லை. பால் கணக்குக்கு மாமியார் வைத்திருந்த பென்சில் கிடைத்தது, முனை உடைந்திருந்தது. கத்தியைத் தேடி, சீவி, தாளைக் கொண்டுவந்து வைப்பதற்குள், எழுத நினைத்திருந்த நான்கு காரமான வரிகளும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டன.

'ஏன்?'

மாமியார் முந்தானையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"நேத்து ராத்திரி பார்த்தேன். நாலு பேனாவும் தீரப் போகுது, கீறுது. இன்னிக்குக் கழுவற நாள், நீயோ தூங்கல. காலைல எழுந்திரிச்சு எழுத வரலைன்னா, என்ன அவசரமோ, நீ பாட்டுக்கு வாயத் தொறந்துட்டா? அதான் நீ முழிக்கறதுக்குள்ள நிரப்பி வெச்சிடலாம்னு பார்த்தேன். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே எழுந்துட்டேன்."

அவள் மேசை மூலையில் கிடந்த சாதாரணப் பேனாவைக் காட்டினாள். கணவன் வேலைக்கென்று கட்டாக வாங்கி வைத்திருக்கும் பந்துமுனைப் பேனாக்களில் ஒன்று. அது இருந்ததே என்ற கேள்வி.

"அதுல எழுதினா நீ ரெண்டு வார்த்தைதான் எழுதற," என்றார் மாமியார். "நான் பார்த்திருக்கேன். 'பால் போதும்'. 'சரி'. அவ்ளோதான். இதுல எழுதினாத்தான் பேசற."

அவள் பென்சிலை வைத்துவிட்டாள்.

இந்த வீட்டில் அவள் பேசாததை எல்லோரும் கவனித்திருந்தார்கள், கேலி செய்திருந்தார்கள், பழகியிருந்தார்கள். அவள் பேச்சு எந்தப் பேனாவில் வருகிறது என்று ஒருவர் பார்த்து வைத்திருப்பார் என அவள் நினைத்ததில்லை. அந்தப் பேச்சு ஒரு காலைப்பொழுதுகூட நின்றுவிடக் கூடாது என்று இருட்டோடு எழுந்து ஒருவர் மை நிரப்பியிருக்கிறார். தப்பான மையை. அதனால் என்ன?

மாமியாரின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் சுடவில்லை. உள்ளங்கை முழுக்கப் பெயரில்லாத அந்த நிறம் அப்பியிருந்தது.

"அந்தக் கறுப்பு உனக்குப் பிடிச்சதுல்ல?"

பென்சிலால் எழுதினாள்: 'பிடிச்சதுதான். இப்பவும்.'

பிறகு இருவருமாகத் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஏன் அடைத்தது என்று எழுத ஆரம்பித்தாள். அமிலம், காரம் என்று இரண்டு சொல் எழுதியதும் மாமியாரின் புருவம் ஏறியதைப் பார்த்து அடித்துவிட்டு, 'பால் திரிகிற மாதிரி' என்று எழுதினாள்.

"அதைச் சொல்ல வேண்டியதுதானே. திரிஞ்சதப் போய்க் காய்ச்சினேனா? நல்ல சமையல்காரி நான்."

குளிர்ந்த தண்ணீர், ரப்பர் பந்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. மூன்று பேனா இளகிக் கொடுத்தன. காக்காவின் கட்டையில் இரும்பு மையின் கறை கல்லாக இறுகியிருந்தது. அவள் மருந்து டப்பாவிலிருந்து புளிப்பான சத்து மாத்திரை ஒன்றை, வைட்டமின் சி, எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து அதில் கட்டையைப் போட்டாள். இரும்புக் கறையை அது கரைத்துவிடும் என்பது அவள் படித்த படிப்பில் வீட்டுக்கு உதவிய ஒரே பாடம்.

"பேனாவுக்கும் மாத்திரையா?" மாமியார் குனிந்து பார்த்தார். "அதுக்கும் தொண்டை அடைப்பு. டாக்டர் என்ன சொன்னாராம், ரெண்டு வாரம் எழுதக் கூடாதாமா?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் பதறிப்போய் ஈரக்கையால் அவள் வாயைப் பொத்தினார். "சிரிக்காத, சிரிக்காத, என் தப்பு." வாயைச் சுற்றி நிறம் அப்பிக்கொண்டது. இருவரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்து, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கிண்ணத்தில் கறை மெல்ல அவிழ்ந்து, தண்ணீர் தேநீர் நிறமானது. மாலையில் காக்காவைச் சேர்த்துப் பூட்டி, சுத்தமான நீல மை நிரப்பி எழுதிப் பார்த்தாள். எழுதியது. முன்பு எழுதியது போலவே, வழுக்கிக்கொண்டு.

"காக்கா மைனாவா ஆயிடுச்சே," என்றான் வேலையிலிருந்து வந்த கணவன், அதன் புது நிறத்தைப் பார்த்து.

"ஆமாண்டா. நான்தான் குளிப்பாட்டி விட்டேன்," என்றார் மாமியார். "கெடுத்தவ நான்தான், இனிமே அது என் பேனா."

அவள் அதை மூடி மாமியாரிடம் நீட்டினாள். கை மாறியது, பெயரும் மாறியது.

வியாழக்கிழமை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத் திரையில் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார். "நடுவுல ஏதாவது பேசினீங்களா? ஒரு வார்த்தை? சும்மா கத்தறது, கூப்பிடறது?"

அவளுக்குப் பதில் சொல்ல வழியில்லை. மூக்கில் குழாய். பின்னாலிருந்து மாமியார் சொன்னார். "ஒரு எழுத்துகூடப் பேசல டாக்டர். பேச வேண்டிய நேரத்துலகூடப் பேசல. நான் சாட்சி."

"அது தெரியுது. அழகா ஆறியிருக்கு. தழும்பே இல்ல. எங்க, 'ஈ' சொல்லுங்க. மெதுவா."

சொன்னாள். இரண்டு வாரம் பெட்டியில் கிடந்த பேனாவின் முதல் கோடுபோல ஆரம்பத்தில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. கொஞ்சம் தாழ்ந்த, ஆனால் கீறல் இல்லாத 'ஈ'. அவள் அதைக் கேட்டாள். பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. மருத்துவர் திரும்பிப் பார்த்து, "யாருக்குச் சிகிச்சை, உங்களுக்கா அவங்களுக்கா?" என்றார்.

முதலில் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான் பேச அனுமதி. அதை வைத்து வீட்டில் சண்டை வந்தது. கணவன் தனக்குப் பாதி வேண்டும் என்றான். "உனக்கு எதுக்கு? நீ கேக்கவா போற?" என்று மாமியார் அவன் பங்கையும் தானே எடுத்துக்கொண்டார். அந்தச் சில நிமிடங்களில் அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நன்றி என்றெல்லாம் மாமியாரிடம் சொல்ல அவளுக்கு வராது. சொன்னால் மாமியாருக்குக் கேட்கவும் வராது. முதல் நாள் முதல் நிமிடத்தில், "அத்தை, காலைல சீக்கிரம் எழுந்திரிச்சிங்களே, கொஞ்ச நேரம் படுங்க" என்றாள். மாமியார் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் அப்படி யார் சொல்லியும் கேட்டதை அந்த வீடு பார்த்ததில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று மாமியாரும் கூடவே கிளம்பினார். நூல்கண்டு வாங்க வேண்டுமாம். நூல்கண்டு தெருமுனையிலேயே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நிலைய மேலாளர் கண்ணாடி அறைக்கு வந்து, ஒரே ஒரு அறிவிப்பு சொல்லச் சொல்லிக் கேட்டார். சொன்னாள். அவர் தலையை ஒருபக்கம் சாய்த்து அது நிலையம் முழுக்கப் பரவி அடங்கும்வரை இருந்தார். பிறகு குனிந்து இயந்திரத்தின் சொருகியைப் பிடுங்கினார். "உக்காருங்கம்மா," என்றார்.

அவள் நாற்காலியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கீழே ஓட்டுநர் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தினார்.

இரண்டாவது நடைமேடையில், தூணை ஒட்டிய பலகையில், மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. அவள் ஒரு வண்டியை அறிவித்தாள். பலகையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், மாமியார் எழவில்லை. இன்னொன்றை அறிவித்தாள். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களும் எழுந்து போனார்கள். மாமியார் முகத்தை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பி, கண்ணை மூடியபடி இருந்தார், போக ஓர் ஊரும் இல்லாதவராக.

பக்கத்தில் வந்து நின்ற ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, ஒலிபெருக்கியைக் காட்டி ஏதோ குறைப்பட்டுக்கொண்டார். சத்தம் போதவில்லை என்கிறார் போலும். மாமியார் கண்ணைத் திறந்தார். விரலை ஆட்டி ஆட்டி அந்த மனிதரிடம் என்னவோ சொன்னார், நீளமாக. மேலே, கண்ணாடிக்குள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உதடு அசைந்த விதத்திலேயே அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. அந்த மனிதர் கையைக் கீழே போட்டுவிட்டு, அடங்கி, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த மனிதருடைய வண்டி எது என்று தெரியவில்லை. அவள் ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்து, அடுத்து வந்து நின்ற வண்டியின் ஊரை இரண்டு முறை, நிதானமாகச் சொன்னாள்.